மாப்பிள்ளை பெயரில் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய மாலையில்தான் வரலட்சுமி அந்த நிபந்தனையைப் போட்டாள்.

“டெஸ்ட் எடுத்து ரிசல்ட்டை என் கையில குடு. அப்புறம்தான் மணையில உக்காருவேன். இல்லன்னா நீயே தனியா உக்காந்து, உன் கழுத்துல நீயே கட்டிக்கோ.”

சாதாரணமாக அவள் கணவனிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாள். அது காணாமல் போனால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் ஜம்புலிங்கம் இதை நன்றாகக் கற்றிருந்தார்.

இன்னும் பத்து வாரத்தில் அவருக்கு அறுபது நிறைகிறது. ஆவடி தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு, அதே மாதம் பிறந்த நட்சத்திரத்தன்று அறுபதாம் கல்யாணம். மகன் இளங்கோவும் மருமகள் மோகனப்பிரியாவும் ஆசை ஆசையாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். இதில் பரிசோதனை எங்கிருந்து வந்தது?

அது திருமழிசையிலிருந்து வந்தது. முந்தின நாள் ஜம்புலிங்கத்தின் அண்ணி பொன்னியம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டு வரலாம் என்று இருவரும் போயிருந்தார்கள். அண்ணன் தட்சிணாமூர்த்தி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. புராஸ்டேட் புற்றுநோய். கண்டுபிடித்தபோது எலும்புக்குப் போய்விட்டிருந்தது. கல்யாணச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பொன்னியம்மா, ஜம்புலிங்கம் வெளியே போனதும் வரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்கும்தான்டி அறுபதாம் கல்யாணம் நடந்துச்சு. நூறு வயசு இருங்கன்னு ஊரே அட்சதை போட்டுச்சு. அப்பவே அவுருக்கு உள்ள இருந்திருக்கும்னு டாக்டரு அப்புறமா சொல்றாரு. நான் இன்னாடான்னா முதுகுவலின்னு எண்ணெய் தேச்சிக்கினு இருந்தேன். நீ அப்பிடி இருந்துடாத.”

அந்த வார்த்தை வரலட்சுமியின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

“எனக்கு இன்னா கேடு? போன வருஷம்தான் ஃபேக்டரிக்கே வந்து ஃபுல் பாடி செக்கப் பண்ணாங்க. எல்லாம் நார்மல்” என்று ஜம்புலிங்கம் பீரோவிலிருந்து ரிப்போர்ட் ஃபைலை எடுத்து வந்து மேசையில் போட்டார்.

மோகனப்பிரியா அதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சேலத்துப் பெண். கணினி வேலை. எதையும் பாதியில் நிறுத்தமாட்டாள்.

“சர்க்கரை இருக்கு, கொழுப்பு இருக்கு, கிட்னி இருக்கு. ஆனா பி.எஸ்.ஏ. இல்லையே மாமா. புராஸ்டேட்டுக்குப் பார்க்கிற ரத்த டெஸ்ட். அதைத் தனியாக் கேட்டுத்தான் எடுக்கணும் போல.”

“எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லியேம்மா.”

“ஆரம்பத்துல தொந்தரவே தெரியாதாம். பொதுவா அம்பது தாண்டினா டாக்டர்கிட்ட இதைப் பத்திப் பேசணும்னு சொல்றாங்க. கூடப் பிறந்தவங்களுக்கு இருந்தா இன்னும் முன்னாடியே.”

ஜம்புலிங்கம் ஃபைலை மூடினார். “பாக்கலாம்.”

“பாக்கலாம்னா என்னிக்கு?” என்றாள் வரலட்சுமி.

“கல்யாணம் முடியட்டும்.”

“அதுக்கு முன்னாடி.”

அவர் மாடிக்குப் போய்விட்டார். பிடிவாதம் இல்லை அது. அண்ணனுடன் எட்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தவர் அவர். அண்ணன் போன பிறகு எந்த மருத்துவமனை வாசலையும் மிதிக்கவில்லை. தெரு முனையில் மருந்துக்கடைக்குக்கூட மருமகளைத்தான் அனுப்புவார். வரலட்சுமிக்கு இது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் இந்த முறை இளகக் கூடாது என்று உறுதியாக இருந்தாள். அடுத்த நாளே மோகனப்பிரியாவை விட்டு, ஆவடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சனிக்கிழமை காலைக்கு ஜம்புலிங்கம் பெயரில் முன்பதிவு செய்ய வைத்தாள்.

*

அந்தச் சனிக்கிழமை காலை ஆவடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஜம்புலிங்கம் தன் மைத்துனருக்காகக் காத்திருந்தார். வரலட்சுமியின் ஒரே அண்ணன் ரகுநாதன், அறுபத்து மூன்று வயது. பூந்தமல்லி வழித்தடத்தில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமழிசையிலிருந்து வந்து இறங்கியவர் நேராகக் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் டீக்கடைக்கு வந்தார்.

“இன்னா மாப்ள, மூஞ்சி பேயடிச்ச மாதிரி கீது?”

ஜம்புலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். “அந்த ரிப்போர்ட்டுன்னாலே எங்கண்ணன் மூஞ்சிதான் மச்சான் கண்ணு முன்னாடி வருது. எனக்குள்ள இருந்தா இருந்துட்டுப் போவுது. கல்யாணத்துக்கு முன்னாடி அதை நான் தெரிஞ்சிக்க வாணாம். ஆனா உன் தங்கச்சி உட மாட்டேன்றா.”

“அவ உட மாட்டா. சின்ன வயசுல ஒரு பம்பரத்துக்காக மூணு நாளு சாப்பிடாம கெடந்தவ.” ரகுநாதன் டீயை உறிஞ்சினார். “இதுக்கா இவ்ளோ யோசனை? வா, நான் குத்திக்கிறேன்.”

“இன்னாது?”

“உன் பேரைச் சொல்லி நான் ரத்தம் குடுக்குறேன். டிப்போவுல ஒருத்தன் டூட்டிய இன்னொருத்தன் பாக்குறது இல்லியா, அதுமாதிரி. எனக்கு சுகரு இல்ல, பிரஷரு இல்ல. சுத்த ரத்தம். நார்மல்னு வரும், தங்கச்சி மணையில உக்காருவா, எல்லாரும் சாப்ட்டுப் போலாம்.”

“தப்பு மச்சான் இது.”

“தப்புதான். வேற ஐடியா வச்சிகினு கீறியா?”

ஜம்புலிங்கம் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே ரகுநாதன் மேசைக்கு முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தார்.

“பேரு சார்?” என்று கேட்டாள் ரத்தம் எடுக்கும் பெண்.

“ஜம்புலிங்கம்.”

“வயசு?”

“அறுபது ஆவப் போவுது.”

அவள் அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தாள். “அறுபதுதானா?”

“உழைச்ச உடம்பும்மா” என்றார் ரகுநாதன் கூசாமல். ஊசி ஏறியபோது கண்ணைக்கூட மூடவில்லை.

*

மறுநாள் மாலை மோகனப்பிரியாவின் போனுக்கு முடிவு வந்தது. அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அத்தை, நாலுக்குள்ள இருக்கணும். பதினெட்டரை இருக்கு.”

வரலட்சுமி போனை வாங்கி அந்த எண்ணைத் தானே பார்த்தாள்.

“இதை மட்டும் வச்சுக் கேன்சர்னு சொல்ல முடியாது அத்தை. கிருமித் தொற்று இருந்தாலும் ஏறுமாம், வீக்கம் இருந்தாலும் ஏறுமாம். ஆனா உடனே டாக்டரைப் பாக்கணும்.”

ஜம்புலிங்கம் கீரைக்கட்டுடன் உள்ளே வந்தார். மனைவி சண்டை போடவில்லை, ‘பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே’ என்று குத்தவில்லை. அவருடைய கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ரிசல்ட் வந்துடுச்சுங்க. கொஞ்சம் அதிகமா கீது. பயப்படாதீங்க. நான் கூடவே இருக்கேன். உங்கண்ணனுக்கு ஆன மாதிரி ஆவ உட மாட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னாலும் நான் வரேன். உங்களை ஒரு நிமிஷம் தனியா உட மாட்டேன்.”

கல்யாணமான புதிதில் பட்டாபிராம் ரயிலில் கூட்டத்துக்குப் பயந்து அவள் இப்படித்தான் அவருடைய கையைப் பிடித்திருக்கிறாள். இப்போது அவருடைய பயத்துக்காகப் பிடித்திருந்தாள். ஜம்புலிங்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

“லச்சுமி, அது என் ரத்தம் இல்ல.”

“இன்னா?”

“நான் குத்திக்கல. என் பேர்ல வேற ஆளு குடுத்துச்சு.”

ஒரு நொடி வரலட்சுமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“அப்ப யாருது?”

அவர் தரையைப் பார்த்தார். “மச்சானுது.”

பிடித்திருந்த கைகளை அவள் விட்டுவிட்டாள். “எங்கண்ணனுதா?”

மோகனப்பிரியாதான் முதலில் அசைந்தாள். “மாமா, வண்டி சாவி எங்க?”

*

திருமழிசையில் ரகுநாதன் வீட்டு முன்னறையில் அவருடைய மனைவி சாவித்திரி வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். ரகுநாதன் மோகனப்பிரியாவின் போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

“இன்னா போட்டுக்கீது இதுல? ஜம்புலிங்கம். வயசு அறுபது. நான் யாரு? ரகுநாதன். அறுபத்தி மூணு. இதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. உன் வீட்டுக்காரன் ரிப்போர்ட்டு, நீயே வச்சிக்கோ.”

“விளையாடாதண்ணா.”

“விளையாடல. எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லியா?” சாவித்திரி காபித் தட்டோடு வந்தாள். “பூந்தமல்லி போறதுக்குள்ள ஒண்ணுக்குப் போவ எத்தினி தரம் பஸ்ஸை உட்டு எறங்குறீங்கன்னு சொல்லட்டுமா? கேட்டா கண்டக்டர் வேலையில அடக்கி அடக்கிக் கெட்டுப் போச்சுன்னு ஒரு கதை. எல்லாம் வயசு ஆயிடுச்சுன்னு நானும் உட்டுட்டேன்.”

ஜம்புலிங்கத்துக்குச் சுருக்கென்றது. வண்டியில் ஒன்றாகப் போகும்போதெல்லாம் மச்சானுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அவரைக் கிண்டல்கூடச் செய்திருக்கிறார்.

வரலட்சுமி காபியைத் தொடவில்லை. “அண்ணா, என் கல்யாணத்துக்குப் பொறந்த ஊட்டுப் பொடவை நீதான் எடுத்தாரணும். அப்பா இல்ல, அம்மா இல்ல. நீதான் எனக்கு. ஆனா ஆஸ்பத்திரிக்கு வராத அண்ணன் எடுத்தாந்த பொடவைய நான் கட்ட மாட்டேன்.”

“இன்னாடி, அவனையும் மெரட்டுற, என்னையும் மெரட்டுற!”

“மெரட்டுவேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்துனீங்க. ஏமாத்துனதுலதான் இது தெரிஞ்சுது. இல்லன்னா நீ இன்னும் மூணு வருஷம் பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி எறங்கினு இருப்ப. அப்புறம் ஒரு நாளு முதுகு வலிக்குதும்ப. பொன்னியம்மாக்கா மாதிரி அண்ணி உனக்கு எண்ணெய் தேச்சிக்கினு இருப்பாங்க.”

சாவித்திரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். ரகுநாதன் போனைத் திருப்பிக் கொடுத்தார். சிரித்த முகத்தில் சிரிப்பு வடிந்தபோது அவர் சட்டென்று கிழவராகத் தெரிந்தார்.

“நேத்து மாப்ளைக்காகன்னு கைய நீட்டுனேன், பயமே இல்லம்மா. இப்ப எனக்குன்னு சொல்றப்போ பயமா கீது. அந்த எடத்துல கைய உட்டுப் பாப்பாங்களாமே. நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க?”

ஜம்புலிங்கம் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மச்சான், எனக்கும்தான் பயமா கீது. ஒண்ணு செய்யலாம். நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போவோம். உன் பேர்ல நீ குடு, என் பேர்ல நான் குடுக்குறேன். எனக்குக் குத்தும்போது நீ பக்கத்துல நில்லு.”

ரகுநாதன் அவரைத் திரும்பிப் பார்த்தார். “அழுதுட மாட்டியே?”

“தெரியல.”

*

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் வரலட்சுமி இரண்டு ஆதார் அட்டைகளையும் மேசையில் வைத்தாள். “படத்தையும் ஆளையும் நல்லாப் பாத்து எழுதும்மா.” அந்தப் பெண் ரகுநாதனைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் பெயரைத் திருத்தி எழுதினாள். ஜம்புலிங்கத்துக்கு ஊசி ஏறியபோது நெற்றியெல்லாம் வியர்த்தது. ரகுநாதன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜம்புலிங்கத்தின் எண் ஒன்றேகால். ரகுநாதனுடையது மறுபடியும் பதினெட்டுக்கு மேல்.

சிறுநீரியல் மருத்துவர் இளைஞர், அவசரமில்லாமல் பேசினார். ஜம்புலிங்கத்துக்கு இப்போது கவலையில்லை, ஆனால் அண்ணனுக்கு இருந்ததால் வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார். ரகுநாதனைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போனார். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். வேட்டியைச் சரிசெய்தபடி வெளியே வந்த ரகுநாதன் மாப்பிள்ளையின் காதில் கிசுகிசுத்தார்.

“அவ்ளோதான் மாப்ள. பல்லு புடுங்குறது இதவிடக் கஷ்டம். இதுக்கா இத்தினி வருஷம் ஒளிஞ்சிக்கினு இருந்தேன்?”

அடுத்தடுத்து ஸ்கேன், பிறகு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. ஒவ்வொரு நாளும் ஜம்புலிங்கம் தொழிற்சாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மச்சானுடன் போனார். முதல் நாள் மருத்துவமனை வராண்டாவில் டெட்டால் வாசனை வந்ததும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். மூன்றாவது நாள் எந்த அறைக்கு எந்த வழி என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்.

நான்காவது வாரம் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே வரவில்லை, எலும்பில் எதுவும் இல்லை.

“இப்போ வந்தீங்க, நல்லதாப் போச்சு” என்றார் மருத்துவர். “அறுவை சிகிச்சை செய்யலாம், கதிர்வீச்சும் இருக்கு. ரெண்டிலயும் உள்ள சிரமங்களைச் சொல்றேன், யோசிச்சு முடிவு பண்ணுங்க. குணமாகிற வாய்ப்பு நிறைய இருக்கு.”

ரகுநாதன் இரண்டு நாள் யோசித்து அறுவை சிகிச்சை என்றார். துணுக்கு எடுத்த புண் ஆற வேண்டும் என்பதால் ஆறு வாரம் கழித்து நாள் குறித்துக் கொடுத்தார்கள். சாவித்திரி நாட்காட்டியைப் பார்த்தாள். அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின நாள்.

“ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கலாம்” என்றார் ரகுநாதன் உடனே. “பத்து நாளுல ஒண்ணும் குடி முழுகிடாது. பாதிப் பேருக்குப் பத்திரிகை வச்சாச்சு.”

“கல்யாணத்தைத் தள்ளிக்கலாம்” என்றாள் வரலட்சுமி.

“குறிச்ச முகூர்த்தத்தை மாத்துனா ஊரு இன்னா சொல்லும்? அபசகுனம்னு பேசுவாங்கடி.”

“பேசட்டும். நீ ஆபரேஷன்னு சொன்ன அன்னிக்கே ஐயரைக் கேட்டுட்டேன். ரெண்டு மாசம் தள்ளி அதே நட்சத்திரத்துல பண்ணலாம்னு சொல்லிட்டாரு. மண்டபத்துக்காரன்கிட்ட இளங்கோ பேசிட்டான். எந்திரிச்சு நடக்குற அண்ணன் கையால பொடவை வாங்கிக்கினுதான் நான் மணையில உக்காருவேன்.”

ரகுநாதன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். அங்கே பேரம் பேச இடமில்லை.

“சரி. ஆனா காரணம் கேட்டா எடத்தைச் சொல்லாத. குடலிறக்கம்னு சொல்லிடு.”

“சொல்ல மாட்டேன்.”

“எதைச் சொல்ல மாட்ட?”

“குடலிறக்கம்னு சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்குக் கூப்புடுற ஜாபிதாவுல அம்பது தாண்டுன ஆம்பளைங்க எத்தினி பேரு கீறாங்க தெரியுமா? எண்ணிப் பாத்தேன். நாப்பத்தி மூணு பேரு. அத்தினி பேரும் உன்ன மாதிரியே ஒளிஞ்சிக்கினுதான் இருப்பாங்க. நீ குடலிறக்கம்னு சொன்னா அவங்க இன்னும் நல்லா ஒளிஞ்சிக்குவாங்க.”

ரகுநாதன் மீசையைத் தடவினார். “என் பேரைச் சொல்லியே சொல்லு, போ” என்றார். “ஆனா சிரிக்கிறவன் பேரை மட்டும் எழுதி வை. நான் எந்திரிச்சு வந்து பாத்துக்குறேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை வரலட்சுமி அழைப்புப் பட்டியலையும் போனையும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு அழைப்பிலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. கல்யாணம் தள்ளிப் போனதைக் கேட்டார்கள். அண்ணனுக்கு என்ன என்றும் கேட்டார்கள். அவள் சொன்னதும், “ஓ, சரிம்மா, பாத்துக்கோம்மா” என்று சட்டென்று வைத்துவிட்டார்கள். உங்களுக்குப் பரிசோதனை செய்தாயிற்றா என்று அவள் கேட்பதற்குள் எதிர்முனையில் ஆள் இல்லை.

“பொம்பளைகிட்ட எப்பிடிப் பேசுவாங்க?” என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஜம்புலிங்கம்.

“அப்ப யாரு பேசுறது?”

செய்தித்தாள் மடிந்தது. அவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பட்டியலை வாங்கி மூன்றாவது பெயரைப் பார்த்தார். தங்கராஜ். அதே தொழிற்சாலை, அதே பிரிவு. இருபது வருடம் ஒரே மேசையில் மதியச் சோறு தின்றவர்கள். எண்ணை அழுத்தி, வரலட்சுமியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“இன்னா ஜம்பு, மாப்ள ஆவப்போற சந்தோஷமா?” என்றது தங்கராஜின் குரல்.

“கல்யாணத்தை ரெண்டு மாசம் தள்ளி வச்சிருக்கோம் தங்கராஜு.”

“ஏன், இன்னா ஆச்சு?”

ஜம்புலிங்கம் போனைக் கொஞ்சம் நெருக்கமாகப் பிடித்தார். அண்ணனின் எட்டு மாதத்திலும் ஒருமுறைகூட அவர் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“என் மச்சானுக்குப் புராஸ்டேட்ல கேன்சர். ஆமா, எங்கண்ணனுக்கு வந்ததுதான். ஆனா இவருக்கு நேரத்துலயே தெரிஞ்சிடுச்சு, ஆபரேஷன் பண்ணா சரியாப் போயிடும்னு சொல்லிக்கிறாங்க. நானும் டெஸ்ட் பண்ணிட்டேன். ஒரு ஊசிதான். உனக்கு வயசு அம்பத்தெட்டு ஆவுதுல்ல? நீ பண்ணிக்கினியா?”

எதிர்முனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடி தங்கராஜின் குரல் வந்தபோது பாதியாகத் தேய்ந்திருந்தது.

“ஜம்பு, பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?”

ஜம்புலிங்கம் மனைவியைப் பார்த்தார். வரலட்சுமி சத்தமில்லாமல் எழுந்து மாடிப்படி ஏறினாள். அவர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

“யாரும் இல்ல. சொல்லு.”